ஆன்லைன் கேமில் தடை போட்டால் ஆட்கள் திருந்துவார்களா?

சாட்டில் கெட்ட வார்த்தை பேசுகிறவர்களுக்குத் தடை போட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம் சொல்லாத தடை பெரும்பாலும் போதாது என்பேன்.

லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் என்ற ஆன்லைன் கேமில் 2011-இல் ட்ரிபியூனல் என்ற விசாரணை முறை வந்தது. புகாருக்கு உள்ளானவரின் சாட்டைப் படித்துவிட்டு, தண்டிக்கலாமா மன்னிக்கலாமா என்று சக ஆட்டக்காரர்களே வாக்களித்தார்கள். அப்புறம், தண்டனையோடு அவர் எழுதிய வரிகளையும் அவருக்கே காட்டினார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. தான் எழுதியதைத் தானே படிக்கும்போதுதான் பலருக்கு உறைக்கும். வெறும் தடை என்றால் கோபம்தான் மிஞ்சும். புது அக்கவுன்ட் தொடங்கிவிடுவார்கள்.

சரி, நன்றாக நடந்துகொள்கிறவர்களுக்குப் பரிசு கொடுத்தால்? அதே கேமில் 2012-இல் ஹானர் என்ற பாராட்டு முறை வந்தது, ஓவர்வாட்ச் என்ற இன்னொரு கேமில் 2018-இல் எண்டார்ஸ்மென்ட். ஆட்டம் முடிந்ததும் நன்றாக நடந்துகொண்டவரைப் பாராட்டலாம். பரிசு பெரிதானால் நண்பர்களே மாறி மாறிப் பாராட்டிக்கொள்வார்கள். சிறிதாக இருப்பதே நல்லது.