சேல்ஸ்போர்ஸ் டெவலப்பர் தேர்வு: கேட்டவையும் சொன்னவையும்

வாடிக்கையாளர் விவரங்களையும் விற்பனையையும் நிர்வகிக்கும் மென்பொருளைத் தரும் சேல்ஸ்போர்ஸ் நிறுவனத்தின் பிளாட்பார்ம் டெவலப்பர் சான்றிதழுக்கு (முன்பு ‘பிளாட்பார்ம் டெவலப்பர் முதல் நிலை’) தயாராகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துவிட்டேன். கட்டணமும் விதிகளும் அவ்வப்போது மாறும். பணம் கட்டுவதற்கு முன் நிறுவனம் வெளியிட்டிருக்கும் தேர்வுக் கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி (சேலம், இறுதியாண்டு மாணவி): அக்கா, தேர்வின் அமைப்பு எப்படி இருக்கும்? நான் படிப்பது வணிகவியல். எழுத முடியுமா?

பதில்: தாராளமாக எழுதலாம். பட்டம், முன் சான்றிதழ் எதுவும் கேட்பதில்லை. 60 கேள்விகள், 105 நிமிடங்கள், தேர்ச்சிக்கு 68 சதவீதம். அதாவது 41 கேள்விகளாவது சரியாக வேண்டும். மதிப்பெண்ணில் சேராத ஐந்து கேள்விகள் வரை கலந்திருக்கலாம்; அவை எவை என்று உங்களுக்குத் தெரியாது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைவதில்லை என்பதால் எதையும் காலியாக விடாதீர்கள். கட்டணம் 200 டாலர், வரி தனி. வணிகவியல் படித்ததற்காகக் கூச்சப்படவே வேண்டாம். இன்வாய்ஸ் என்றால் என்ன, வாடிக்கையாளருக்கு எந்த அடிப்படையில் கடன் வரம்பு வைக்கிறார்கள் என்பதெல்லாம் தெரிந்த ஒருவர் கோடு (நிரல்) எழுதக் கற்றுக்கொண்டால், வெறும் கோடு மட்டும் தெரிந்தவரைவிட இந்தத் துறைக்கு அதிகம் பயன்படுவார்.

கேள்வி (கோவை, சேல்ஸ்போர்ஸ் அட்மின்): மூன்று ஆண்டுகளாக அட்மின் வேலை. ஃப்ளோ (கோடு எழுதாமல் வேலைகளைத் தானாக நடக்க வைக்கும் கருவி) நன்றாக வரும், ஏபெக்ஸ் (சேல்ஸ்போர்ஸின் நிரல்மொழி) ஒரு வரி கூட எழுதியதில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பாதி தூரம் ஏற்கெனவே வந்துவிட்டீர்கள். பதிவுகளை இணைக்கும் மாஸ்டர்-டீடெய்ல் உறவில் தாய்ப் பதிவை அழித்தால் பிள்ளைப் பதிவுகளும் போய்விடும், பிள்ளைப் பதிவுகளின் எண்ணிக்கை, கூட்டுத்தொகை போன்றவற்றைத் தாய்ப் பதிவில் காட்டும் ரோல்-அப் சம்மரி அந்த உறவில்தான் வரும் என்பதெல்லாம் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. புதிதாக வருகிறவர்கள் அங்கேதான் தடுமாறுகிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் டெவலப்பர் எடிஷன் ஆர்க் (பழகிப் பார்க்க உங்களுக்கென ஒரு தனி சேல்ஸ்போர்ஸ்) ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். நீங்கள் ஏற்கெனவே ஃப்ளோவில் செய்து வைத்திருக்கும் ஒரு வேலையை ஏபெக்ஸ் ட்ரிகராக (பதிவைச் சேமிக்கும்போது தானாக ஓடும் நிரலாக) எழுதிப் பாருங்கள். என்ன நடக்க வேண்டும் என்பது தெரிந்திருப்பதால் மொழி மட்டும்தான் புதிதாக இருக்கும். தரவுகளைத் தொகுத்து வைக்கும் லிஸ்ட், செட், மேப் மூன்றையும் கை பழகும் வரை எழுதுங்கள். சேல்ஸ்போர்ஸின் பயிற்சித் தளமான ட்ரெயில்ஹெட்டின் பாடங்களைப் படித்துப் புள்ளிகள் சேர்ப்பது வேறு, வெற்றுத் திரையில் முதல் வரியை எழுதுவது வேறு.

கேள்வி (சென்னை, ஜாவா டெவலப்பர்): கவர்னர் லிமிட் (ஒரு நிரல் எவ்வளவு பயன்படுத்தலாம் என்ற வரம்பு) எண்களை எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டுமா? அட்டவணையைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது.

பதில்: அட்டவணை முழுவதும் வேண்டாம். ஒரு பரிவர்த்தனைக்கு தரவைத் தேடி எடுக்கும் 100 எஸ்.ஓ.கியூ.எல். வினவல், பதிவுகளைச் சேர்த்து மாற்றி அழிக்கும் 150 டி.எம்.எல். செயல், வினவல்கள் எடுக்கும் 50,000 வரிசைகள், 10 விநாடி சி.பி.யூ. நேரம், 6 எம்.பி. ஹீப் (நிரலின் நினைவகம்). பின்னணியில் ஓடும் வேலைகளுக்கு வினவல் 200, சி.பி.யூ. நேரம் 60 விநாடி, ஹீப் 12 எம்.பி. இவ்வளவு போதும்.

இந்த வரம்புகள் ஏன் இருக்கின்றன என்பதுதான் முக்கியம். ஒரே மேல்நிலைத் தொட்டியிலிருந்து எல்லா வீட்டுக்கும் தண்ணீர் போகும் அடுக்குமாடிதான் சேல்ஸ்போர்ஸ். ஒரு வீட்டில் குழாயைத் திறந்தபடி விட்டால் மற்றவர்களுக்கு இல்லாமல் போகும். சொந்தச் சர்வரில் ஜாவா எழுதிப் பழகியவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும்.

தேர்வில் இது எப்படி வரும் என்று காட்டுகிறேன். கான்டாக்ட் (ஒரு நபரின் பதிவு) மீது ஒரு ட்ரிகர். பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓடும் ஃபார் லூப்புக்குள் ஒவ்வொரு கான்டாக்டுக்கும் அதன் அக்கவுண்டை (அவரது நிறுவனத்தின் பதிவை) தேடும் ஒரு வினவல். திரையில் ஒரு கான்டாக்டைச் சேமித்துப் பார்த்தால் அழகாக வேலை செய்யும். பதிவுகளை மொத்தமாக ஏற்றும் கருவியான டேட்டா லோடரில் 200 பதிவுகளை ஏற்றினால், 101ஆவது வினவலில் ‘டூ மெனி எஸ்.ஓ.கியூ.எல். குவெரிஸ்: 101’ என்று நின்றுவிடும், அந்த 200 பதிவுகளில் ஒன்று கூடச் சேராது. ட்ரை-கேட்ச் போட்டுத் தப்பிக்கலாமா என்று ஒரு விடை இருக்கும். முடியாது, வரம்பு மீறல் பிழையைப் பிடிக்க வழியில்லை. சரியான முறை: முதல் லூப்பில் அக்கவுண்ட் ஐ.டி.களை ஒரு செட்டில் சேர்ப்பது, லூப்புக்கு வெளியே ஒரே வினவலில் மேப்பாக எடுப்பது, இரண்டாவது லூப்பில் மேப்பிலிருந்து படிப்பது, மாற்ற வேண்டியவற்றை லிஸ்டில் சேர்த்துக் கடைசியில் ஒரே அப்டேட். ட்ரிகருக்குப் பதிவுகள் 200 வரை மொத்தமாக வந்து சேரும் என்பதை மறக்காதவருக்கு ஏபெக்ஸ் பகுதியின் பாதிக் கேள்விகள் எளிதாகிவிடும். தேர்வில் எடை அதிகமுள்ள பகுதியும் இந்தத் தானியக்க, லாஜிக் பகுதிதான். ஏறத்தாழ 30 சதவீதம்.

கேள்வி (மதுரை): பதிவைச் சேமிக்கும்போது எது முதலில், எது பிறகு என்ற வரிசை எத்தனை முறை படித்தாலும் மறந்துபோகிறது.

பதில்: படிப்பதால்தான் மறக்கிறது. ஆர்க்கில் ஒரு புலத்தைக் கட்டாயமாக்கும் வேலிடேஷன் ரூல் ஒன்றை எழுதுங்கள். அதே புலம் காலியாக இருந்தால் நிரப்பும் பிஃபோர் ட்ரிகரும் (சேமிப்புக்கு முன் ஓடும் ட்ரிகர்) எழுதுங்கள். புலத்தைக் காலியாக விட்டுச் சேமித்தால் பிழை வராது, ஏனென்றால் ட்ரிகர் ஓடிய பிறகுதான் அந்த ரூல் சரிபார்க்கிறது. இனி அது மறக்காது. மற்றவற்றை இதைச் சுற்றி அடுக்கிக்கொள்ளலாம்: சேமிப்புக்கு முன் ஓடும் ஃப்ளோ, பிஃபோர் ட்ரிகர், வேலிடேஷன் ரூல், டூப்ளிகேட் ரூல், தற்காலிகச் சேமிப்பு, ஆஃப்டர் ட்ரிகர், பிறகு அசைன்மென்ட் ரூல், ஒர்க்ஃப்ளோ ரூல், சேமிப்புக்குப் பின் ஓடும் ஃப்ளோ, ரோல்-அப், கமிட் (நிரந்தரச் சேமிப்பு). பழைய ஒர்க்ஃப்ளோ ரூல் ஒரு புலத்தை மாற்றினால் அப்டேட் ட்ரிகர்கள் இன்னொரு முறை ஓடும், வேலிடேஷன் ரூல் ஓடாது. இதைக் கேள்வியாக்குவதில் அவர்களுக்குத் தனி விருப்பம்.

கேள்வி (பெங்களூரு): டெஸ்ட் கவரேஜ் (சோதனையில் ஓடிப் பார்க்கப்படும் கோடின் அளவு) 75 சதவீதம் வந்தால் போதும்தானே?

பதில்: புரொடக்‌ஷனுக்கு அனுப்ப அது போதும், ஒவ்வொரு ட்ரிகரும் கொஞ்சமாவது ஓடியிருக்க வேண்டும். தேர்வுக்குப் போதாது. விளைவு சரியா என்று பார்க்கும் அசெர்ட் ஒன்றுகூட இல்லாமல் மெத்தடை அழைத்துவிட்டு முடியும் டெஸ்ட் கவரேஜை ஏற்றும், ஆனால் எதையும் நிரூபிக்காது. பின்னணியில் ஓடும் கியூவபிள் வேலையை வரிசையில் போட்டுவிட்டு, ஸ்டாப் டெஸ்ட்டுக்கு முன்பே விளைவைச் சரிபார்க்கும் கோடைக் காட்டி ஏன் தோற்கிறது என்று கேட்பார்கள். ஸ்டாப் டெஸ்ட் வரி வரும் வரை பின்னணி வேலை ஓடியே இருக்காது. ஸ்டார்ட் டெஸ்ட்டுக்குப் பிறகு கவர்னர் வரம்புகள் புதிதாகத் தொடங்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஒசூர்): ஏபெக்ஸ் கிளாஸில் வித் ஷேரிங் என்று எழுதிவிட்டால் பாதுகாப்பு முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: இல்லை. அது பதிவுகளைப் பயனர் பார்க்கலாமா என்பதை மட்டும் கவனிக்கும். சம்பளப் புலத்தைப் பார்க்க உரிமையில்லாதவருக்கு அந்தப் புலத்தையும் எடுத்துக் கொடுத்துவிடும். புல அளவிலான உரிமைக்கு வினவலை யூசர் மோடில் (பயனரின் உரிமைகளுக்கு உட்பட்டு) ஓட்ட வேண்டும்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): நண்பர் டம்ப்ஸ் (தேர்வில் வந்ததாகச் சொல்லிப் பகிரப்படும் கேள்வி விடைத் தொகுப்பு) அனுப்பியிருக்கிறார். 300 கேள்விகள். அதை மட்டும் படித்தால்?

பதில்: விதிமீறல், சான்றிதழையே ரத்து செய்யலாம் என்பது ஒரு பக்கம். எனக்கு அதைவிடப் பெரிய எரிச்சல், அந்தக் கோப்புகளில் விடைகளே ஏராளமாகத் தவறு. யாரோ ஒருவர் ஊகித்ததை நூறு பேர் பகிர்ந்திருப்பார்கள். நேர்முகத் தேர்வில் சான்றிதழ் வைத்திருப்பவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஆஃப்டர் ட்ரிகரில் ட்ரிகர்.நியூவின் (ட்ரிகருக்கு வந்த பதிவுகளின்) புலத்தை நேரடியாக மாற்றினால் என்ன ஆகும்? அங்கே அது படிக்க மட்டும்தான், பிழை வரும். டம்ப்ஸ் படித்தவர் ‘ஆப்ஷன் சி’ என்பதைத்தான் நினைவில் வைத்திருப்பார்.

கேள்வி (யாழ்ப்பாணம்): எஸ்.ஏ.பி. மென்பொருளின் நிரல்மொழியான அபாப் படிப்பதா, இதுவா?

பதில்: உங்கள் ஊரிலும் நீங்கள் போக நினைக்கும் ஊரிலும் வந்திருக்கும் வேலை விளம்பரங்களை எண்ணிப் பாருங்கள். பயிற்சிக்கு இலவச ஆர்க் எளிதில் கிடைப்பது இதில் ஒரு வசதி. வேறு காரணம் சொல்லி ஒன்றை உயர்த்த எனக்கு விருப்பமில்லை.

கேள்வி (திருச்சி): வீட்டிலிருந்தே எழுதப் போகிறேன். கவனிக்க வேண்டியது?

பதில்: பெயர்! நம் ஆட்களுக்கு இதில்தான் சிக்கல். ஒரு அட்டையில் ‘கே.’ என்று இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. பதிவு செய்த பெயரும் காட்டப்போகும் அடையாள அட்டையின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கட்டும். முரண் இருந்தால் தேர்வு நாளுக்கு முன்பே திருத்துங்கள். மேசை காலியாக இருக்க வேண்டும், அறைக்குள் யாரும் வரக் கூடாது. அலுவலக மடிக்கணினி பல கட்டுப்பாடுகளோடு வரும், சொந்தக் கணினி நல்லது.

கேள்வி (சென்னை): 63 சதவீதத்தில் தோற்றுவிட்டேன். உடனே திரும்ப எழுதலாமா?

பதில்: மறுதேர்வுக் கட்டணம் பாதிதான், 100 டாலர். ஆனால் முதலில் முடிவறிக்கையில் பகுதிவாரியாக வந்த சதவீதங்களைப் பாருங்கள். எல்லாப் பகுதியும் 60ஐ ஒட்டி இருந்தால், கேள்வியை அவசரமாகப் படித்திருக்கிறீர்கள். இரண்டு விடைகளைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன கேள்வியில் ஒன்று மட்டும் சரியென்றால் பாதி மதிப்பெண் கிடையாது. ஏதாவது ஒரு பகுதி மட்டும் 40க்குக் கீழே விழுந்திருந்தால், அது பெரும்பாலும் நீங்கள் வேலையில் தொடாத பகுதியாக இருக்கும். பயனர் இடைமுகம் என்றால் ஒரு லைட்னிங் வெப் காம்பொனென்ட் (திரையில் காட்டும் ஒரு பகுதி) எழுதி, ஏபெக்ஸிலிருந்து அக்கவுண்ட் பட்டியலை வயர் (தரவைத் திரையோடு இணைக்கும் வசதி) மூலம் எடுத்துக் காட்டுங்கள். அது ஓடிய பிறகு தேதி எடுங்கள்.