ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போட்டால் விண்டோஸ் ஏன் ‘பாதை நீளம்’ என்று காப்பி செய்ய மறுக்கிறது?

கேள்வி பாளையங்கோட்டை ஸ்டூடியோவிலிருந்து: கல்யாண ஆல்பங்களை ஊர், மண்டபம், நிகழ்ச்சி எனத் தமிழில் பெயரிட்டு அடுக்கினால் பாதியில் நிற்கிறது, டிஸ்க் கோளாறா?

டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. பாதை என்பது டிரைவிலிருந்து ஃபைல் வரை எல்லா ஃபோல்டர் பெயர்களும் சேர்ந்த முழு முகவரி. டிஸ்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் விண்டோஸ் முறையான என்டிஎஃப்எஸ் சுமார் 32,767 எழுத்துப் பாதையைத் தாங்கும். தடுப்பது விண்டோஸின் பழைய 260 எழுத்து வரம்பு. டிரைவ் எழுத்திலிருந்து, பாதை முடிந்தது என்று கணினிக்குக் காட்டும் கண்ணுக்குத் தெரியாத கடைசிக் குறி வரை எல்லாம் அதில் அடக்கம்.

தமிழுக்கு இதில் இரட்டைச் செலவு. ‘திருநெல்வேலி’ கண்ணுக்கு 6 எழுத்து, கணினிக்கு 12: கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு.

வரம்பை ஒரேயடியாகத் தூக்கலாமே என்றால், பழைய மென்பொருள்கள் 260 இடமுள்ள பெட்டியை நினைவகத்தில் ஒதுக்கி வைத்தே எழுதப்பட்டவை. நீளமான பாதை வந்தால் பெட்டி வழிந்து பக்கத்துத் தரவு அழியும். அதனால்தான் 2016-இல், விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பில், இரண்டு சாவி வைத்தார்கள்: விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ‘லாங்பாத்ஸ்எனேபிள்டு’ (LongPathsEnabled) 1 ஆக வேண்டும், மென்பொருளும் ‘நீளப்பாதை எனக்குத் தெரியும்’ என்று, தன்னைப் பற்றி விண்டோஸுக்குச் சொல்லும் குறிப்பான மேனிஃபெஸ்ட்டில் அறிவிக்க வேண்டும். எரிச்சலான ஏற்பாடுதான், ஆனால் சரியானது.

சாவியைத் திருப்பினாலும் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் முரண்டு பிடிக்கும். காப்பிக்கு விண்டோஸிலேயே இருக்கும் ‘ரோபோகாப்பி’ (robocopy) கட்டளை போதும், அது நீளப் பாதைக்குப் பழகியது. திறந்து பார்க்க, ‘சப்ஸ்ட்’ (subst) கட்டளையால் ஆழத்து ஃபோல்டருக்கு எக்ஸ் டிரைவ் என்று பெயர் கொடுங்க, பாதை சுருங்கிவிடும். ரீஸ்டார்ட் செய்தால் அது போய்விடும், மறுபடி கொடுக்கணும்.