எல்லாம் உலாவியிலேயே முடியும் என்கிறார் கடைக்காரர், நம்பலாமா?

கேள்வி: உயர்தரம் படிக்கும் மகளுக்கு மடிக்கணினி வாங்க யாழ். நகருக்குப் போனேன். கடையில் பாவித்த குரோம்புக் (விண்டோஸுக்குப் பதில் கூகுளின் இயங்குதளம் உள்ள மடிக்கணினி) ஒன்றைக் காட்டி, "இனி விண்டோஸ் எதற்கு ஐயா, எல்லா வேலையும் உலாவிக்குள்ளேயே முடிந்துவிடும்" என்றார்கள். விண்டோஸ் கணினியின் பாதி விலைகூட இல்லை. எங்கள் சனசமூக நிலையத்தின் அறிவித்தல்களை நானும் அதிலேயே அடித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். வாங்கலாமா?
– கொக்குவில் வாசகர்

பதில்: மகளுக்கு வாங்கலாம், கீழே சொல்லும் இரண்டு சோதனைகளில் அது தேறினால். உங்கள் அறிவித்தல்களுக்கு அதை நம்ப வேண்டாம்.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. சூம் வகுப்பு, யூடியூப் பாடம், மின்னஞ்சல், வங்கிக் கணக்கு எல்லாம் இன்று குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவியில்தான் நடக்கின்றன. ஃபோட்டோஷாப்பே 2023இல் உலாவிக்குள் வந்துவிட்டது. ஆனால் உலாவி அந்தரத்தில் நிற்பதில்லை. வைஃபையைப் பிடிக்கவும், கோப்பைச் சேமிக்கவும், அச்சுப்பொறியை இயக்கவும் அடியில் ஓர் இயங்குதளம் வேண்டும். குரோம்புக்கிலும் அது இருக்கிறது. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் மீது கூகுள் கட்டிய குரோம் ஓஎஸ்தான் அது. முதல் குரோம்புக்குகள் 2011இல் விற்பனைக்கு வந்தன. விண்டோஸ் இன்னும் கடைகளில்தான் இருக்கிறது. எல்லாம் உலாவியிலேயே என்ற இதே எண்ணத்தில், ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைத் தரும் மொசில்லா செய்த ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ் தொலைபேசிகள் 2013இல் வந்து, சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன.

இனி உங்கள் அறிவித்தல். பாமினி எழுத்துருவில் அடிப்பவர் என்றே ஊகிக்கிறேன். நம் ஊரில் பழைய கோப்புகள் பெரும்பாலும் அதில்தான் கிடக்கின்றன. எல்லாக் கணினிகளும் புரிந்துகொள்ளும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோட் அல்ல பாமினி. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார்த்தி வைத்த எழுத்துரு அது. 'அம்மா' என்று நீங்கள் அடித்தது, பாமினி இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலத்தில் நிற்கும். விண்டோஸில் எழுத்துருவை நிறுவினால் தீர்ந்தது. குரோம்புக்கில் அப்படிப் பொதுவாக நிறுவ வழியில்லை. யூனிகோடுக்கு மாறத் தயார் என்றால் கதை வேறு: தமிழ்99 விசைப்பலகையும் ஒலிப்பு முறையும் குரோம்புக்கிலேயே இருக்கின்றன, பழைய கோப்புகளை மாற்றித்தரும் கருவிகளும் இணையத்தில் இலவசம். வரவுசெலவு அறிக்கையைப் பாமினியில் பத்து வருடமாகச் சேர்த்து வைத்திருப்பவருக்கு இந்த யோசனையே எரிச்சலூட்டும் என்பதும் தெரியும். நிலையத்தின் பழைய அச்சுப்பொறியையும் மறக்காதீர்கள். அதனோடு வந்த குறுந்தட்டிலுள்ள மென்பொருளைக் குரோம்புக் ஏற்காது.

மகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. தகவல் தொழில்நுட்பப் பாடத்துக்கான பைத்தன் நிரல்களைக்கூட உலாவியில் எழுதிப் பார்க்கலாம். மின்வெட்டில் வைஃபை ரவுட்டர் அணைந்தாலும் கூகுள் டாக்ஸில் தொடர்ந்து எழுதலாம். ஆனால் இணையம் இருக்கும்போதே ஆஃப்லைன் வசதியை இயக்கி வைத்திருக்க வேண்டும். பலர் இதை இணையம் போன பிறகுதான் தேடுகிறார்கள்.

சோதனை ஒன்று: 'செட்டிங்ஸ்' பகுதியில் குரோம் ஓஎஸ் பற்றிய பக்கத்தைத் திறந்து, புதுப்பிப்புகள் எந்த மாதம் வரை வரும் என்று பாருங்கள். 2021 முதல் வெளியான மாதிரிகளுக்குப் பத்து ஆண்டு புதுப்பிப்பு உண்டு என்று கூகுள் 2023இல் அறிவித்தது. அந்தப் பத்து ஆண்டுகள், வன்பொருள் வெளியான நாளிலிருந்து எண்ணப்படும். நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. மகளின் பல்கலைக்கழகக் காலத்துக்குள் புதுப்பிப்பு முடிந்துவிடும் கணினிக்கு, கேட்ட விலையில் பாதியும் அதிகம்.

சோதனை இரண்டு: கடையிலேயே, உங்கள் கண்முன்னால், முழுவதும் அழித்து வைஃபையில் இணைத்துத் தொடங்கச் சொல்லுங்கள். வெளிநாட்டுப் பள்ளிகள் கழித்துவிட்ட குரோம்புக்குகள் சந்தையில் நிறைய. பள்ளி தன் பதிவிலிருந்து அதை நீக்கியிருக்காவிட்டால், எத்தனை முறை அழித்தாலும் அந்தப் பள்ளியின் கணக்கைக் கேட்டு நிற்கும். அப்படி வந்தால் விலை பேசாமல் எழுந்து வாருங்கள். வாங்கினால் மாதிரி இலக்கத்தோடு பற்றுச்சீட்டு கேளுங்கள். கேட்டால் தர வேண்டியது 2003ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி வியாபாரியின் கடமை.

கேள்வி: என் விண்டோஸ் 10 மடிக்கணினி 11ஐ ஏற்கவில்லை. குப்பையில் போடவா?
– சுன்னாகம் வாசகி

பதில்: வேண்டாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது உண்மை. கூகுள் இலவசமாகத் தரும் குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ் என்ற இயங்குதளத்தை யூஎஸ்பியில் ஏற்றி, எதையும் அழிக்காமல் முதலில் இயக்கிப் பார்க்கலாம். 4 ஜிபி நினைவகம் போதும். பிளே ஸ்டோர் செயலிகள் அதில் வராது. விண்டோஸுக்கான கணக்கு மென்பொருளும் ஓடாது. பிடித்திருந்து நிறுவப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் படங்களையும் ஆவணங்களையும் வேறு இடத்தில் பிரதி எடுத்துவிடுங்கள். நிறுவும்போது உள்ளே இருக்கும் அனைத்தும் அழிந்துவிடும்.