காணி உறுதியும் நொத்தாரிசும்: மலையக வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (ஹட்டன்): நகருக்கு அருகே பத்துப் பேர்ச்சஸ் காணியை விலைக்கு வாங்கி, உடன்படிக்கை எழுதி, சமாதான நீதவானின் கையொப்பமும் முத்திரையும் பெற்றுள்ளோம். இது போதுமா?

பதில்: போதாது. தனியாரிடமிருந்து காணி வாங்கும்போது, 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டத்தின்படி, உறுதி (காணியின் உரிமையைக் கைமாற்றும் பத்திரம்) எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசு (உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்த அதிகாரம் பெற்றவர்) ஒருவரும் இரண்டு சாட்சிகளும் ஒருங்கே முன்னிலையில் இருக்க, உரியவர் அதில் கையொப்பமிட வேண்டும். சமாதான நீதவான் சத்தியக் கடதாசியை, அதாவது ஒருவர் உண்மையென உறுதிமொழிந்து எழுதித்தரும் கூற்றை, அத்தாட்சிப்படுத்தலாம். அவருடைய முத்திரையால் காணியின் உரித்து கைமாறாது. மலையகத்தில் உழைத்துச் சேர்த்த பணத்தை இத்தகைய தாளை நம்பிக் கொடுத்துவிடுகிறார்கள் என்பதே எனக்குப் பெரும் கவலை. விற்றவர் உயிருடனும் மனமொத்தும் இருக்கும்போதே நொத்தாரிசிடம் சென்று உறுதியை முடித்துக்கொள்ளுங்கள்.

கையொப்பத்துடன் வேலை முடிந்துவிடுவதில்லை. காணி அமைந்துள்ள பிரதேசத்துக்குரிய காணிப் பதிவகத்தில் உறுதியைப் பதிய வேண்டும். ஒரே காணியை ஒருவர் இருவருக்கு விற்றிருந்தால், மோசடி இல்லாதவிடத்து, விலை கொடுத்து வாங்கி முந்திப் பதிந்தவருக்கே முன்னுரிமை கிடைக்கும். ஆகவே பதிவு முடிந்ததா என்று நீங்களே விசாரித்து, பதிவு விபரம் குறிக்கப்பட்ட உறுதியைக் கையில் பெறுங்கள். இனி வாங்க எண்ணுபவர்கள் முற்பணம் கொடுப்பதற்கு முன்பே பதிவேட்டைப் பார்வையிட்டு, காணி யார் பெயரில் உள்ளது, ஈடு வைக்கப்பட்டுள்ளதா என்பதை அறிந்துகொள்ள வேண்டும். நொத்தாரிசின் கட்டணத்துக்கு மேலாக அரசுக்குச் செலுத்தும் வரியான முத்திரைத் தீர்வையும் உண்டு என்பதை மறவாமல் பணம் ஒதுக்குங்கள்.

கேள்வி (தலவாக்கலை): அண்ணன் கொழும்பில் குடியேறுகிறார். தோட்டக் குடியிருப்பில் அவருடைய லயன் அறையை என் பெயருக்கு உறுதி எழுத முடியுமா?

பதில்: முடியாது. லயன் அறையில் குடியிருப்பவருக்கு அதன் உரித்து இல்லை. தன்னிடம் இல்லாத உரித்தை ஒருவர் மற்றவருக்கு எழுதிக்கொடுக்க இயலாது. தோட்ட வீடமைப்புத் திட்டத்தில் ஏழு பேர்ச்சஸ் காணியோ வீடோ உறுதியுடன் வழங்கப்பட்டிருந்தால் நிலைமை வேறு. அப்போதும் அதைக் கைமாற்றுவதற்குத் தடை விதிக்கப்பட்டுள்ளதா என்று அந்த உறுதியை முழுமையாக வாசித்துப் பாருங்கள்.

கேள்வி (மஸ்கெலியா): என் தாயாருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. தயாராகியுள்ள நன்கொடை உறுதியோ சிங்களத்தில் உள்ளது. அவர் கைநாட்டு வைக்கலாமா?

பதில்: வைக்கலாம். ஆனால் அதற்கு முன், உறுதியிலுள்ளதை அவருக்கு வாசித்து விளக்குவது நொத்தாரிசின் கடமை. தமிழில் உறுதி எழுத அதிகாரம் பெற்ற நொத்தாரிசுகள் இருக்கிறார்கள்; அத்தகையவரை நாடுவதே சிறந்தது என்பேன். அம்மாவை நன்கு அறிந்த இருவரைச் சாட்சிகளாக அழைத்துச் செல்லுங்கள், ஏனெனில் நொத்தாரிசுக்கு அவரை நேரில் தெரியாவிட்டால் சாட்சிகளுக்காவது தெரிந்திருக்க வேண்டும். எவர் அவசரப்படுத்தினாலும் வெற்றுத் தாளில் கைநாட்டு வைக்க விடாதீர்கள்.

கேள்வி (பதுளை): கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். அவர் பெயரிலுள்ள காணியை விற்க நான் கையொப்பமிடலாமா?

பதில்: மனைவி என்பதால் மட்டும் அந்த உரிமை வராது. அவர் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில், கொன்சியுலர் அலுவலர் முன்னிலையில், அற்றோணித் தத்துவத்தில் (தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும். அதில் இந்தக் காணியும் விற்கும் அதிகாரமும் தெளிவாகக் குறிப்பிடப்பட வேண்டும். அதை இங்கு பதிவு செய்த பிறகே உறுதி எழுதச் செல்லுங்கள். தத்துவம் கொடுத்தவர் இறந்தால் அது செல்லுபடியற்றதாகிவிடும்.

கேள்வி (பண்டாரவளை): பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறு பெயரும் உள்ளன. உறுதி எழுதலாமா?

பதில்: தோட்டங்களில் பிறந்த பலருக்கும் உள்ள சிக்கல் இது. இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று சத்தியக் கடதாசி முடித்து, எல்லா ஆவணங்களையும் முதல் சந்திப்பிலேயே நொத்தாரிசிடம் காட்டுங்கள். இரு பெயர்களையும் உறுதியில் குறிப்பிடுவதா, பிறப்புப் பதிவை முதலில் திருத்துவதா என்பதை அவற்றைப் பார்த்தே அவர் கூற முடியும்.