நரம்பு டெஸ்டுக்குப் போகும் முன்: வாசகர் கேள்விகள்

நரம்பு டெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள் என்று கையில் சீட்டோடு நிற்பவர்களின் கேள்விகளே இந்த முறை அதிகம். அந்தச் சீட்டில் டெஸ்டின் பெயரோடு, டாக்டர் எதைச் சந்தேகிக்கிறார் என்று ஒரு வரியும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உடம்பில் எத்தனையோ நரம்புகள். எதைப் பார்ப்பது என்று அந்த வரிதான் டெஸ்ட் எடுக்கும் எங்களுக்குச் சொல்கிறது.

கேள்வி: பனியன் கம்பெனியில் பதினைந்து வருடமாகத் தைக்கிறேன். இரவு இரண்டு மணிக்கு வலது கை மரத்துப்போய் விழிப்பு வந்துவிடுகிறது. உதறினால் சரியாகிறது. கரண்ட் வைக்கும் டெஸ்ட் எழுதியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது. (திருப்பூர் வாசகி)

உதறினால் சரியாகிறது என்று எழுதினீர்களே, அதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. மணிக்கட்டில் ஒரு குறுகிய சந்து வழியாக மீடியன் நரம்பு உள்ளங்கைக்குள் போகிறது. அங்கே நெருக்கடி வந்தால் கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி மரத்துப்போகும். சுண்டுவிரல் தப்பிவிடும். இன்று இரவு விழிப்பு வரும்போது சுண்டுவிரலும் மரத்திருக்கிறதா என்று கவனித்து வையுங்கள். டெஸ்ட் எடுப்பவர் அதைக் கட்டாயம் கேட்பார்.

ஷாக் எப்படி இருக்கும்? முழங்கை சுவரில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீர் என்று ஓடுமே, ஏறக்குறைய அதுதான். ஒவ்வொன்றும் கண் இமைக்கும் நேரம்கூட நீடிக்காது. கட்டைவிரல் அடித்தசை மேல் ஒரு சின்ன பட்டையை ஒட்டுவோம். மணிக்கட்டில் ஷாக் கொடுத்தால் அந்தத் தசை துடிக்க 3.5 மில்லி செகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழங்கையில் கொடுத்தால் 7.5 ஆகிறது. இரண்டு இடத்துக்கும் இடையே டேப் வைத்து அளந்தால் 22 சென்டிமீட்டர். அந்தத் தூரத்தை 4 மில்லி செகண்டில் கடந்திருக்கிறது, அதாவது நொடிக்கு 55 மீட்டர் வேகம். கையில் 50க்கு மேல் இருந்தால் நல்ல வேகம். உங்கள் பிரச்சினையில் இந்த வேகம் நன்றாகவே இருக்கும். மணிக்கட்டு கணக்கு மட்டும் 3.5க்குப் பதிலாக 5, 6 என்று நீளும். எங்கே நெருக்குகிறது என்பதை அப்படித்தான் கண்டுபிடிக்கிறோம்.

கை ஜில்லென்று இருந்தால் இந்தக் கணக்கு முழுக்கத் தப்பாகிவிடும். தோலின் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் நரம்பின் வேகம் நொடிக்கு சுமார் 2 மீட்டர் குறைகிறது. ஏசி அறையில் அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு வருபவரின் ஆரோக்கியமான கைகூட நோயாளிக் கைபோலக் காட்டும். அதனால் முதலில் கையைத் தொட்டுப் பார்ப்பேன். குளிர்ந்திருந்தால் வெந்நீரில் வைக்கச் சொல்வேன். உங்களுக்கு அப்படிச் செய்யாவிட்டால் நீங்களே கேளுங்கள், தப்பில்லை.

அன்று காலை கையில் எண்ணெய், கிரீம் தடவ வேண்டாம். மோதிரம், வளையலைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். வெறும் வயிறு தேவையில்லை. தைராய்டு, சர்க்கரை இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், இரண்டும் இந்த நெருக்கடியைக் கொண்டுவரும். அறிகுறி தெளிவாக இருந்தும் சிலருக்கு டெஸ்ட் நார்மலாக வருவதுண்டு. அப்படி வந்தாலும் இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு ஊசி குத்தும் டெஸ்ட் சொல்லியிருக்கிறார்கள். அதில் என்ன மருந்து போடுவார்கள்? இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார்.

மருந்து எதுவும் போடமாட்டார்கள், ஊசி வழியாகக் கரண்டும் போகாது. இந்த ஊசி டெஸ்டின் பெயர் இஎம்ஜி. அந்த ஊசி தசைக்குள் நடப்பதைக் கேட்பதற்கான ஒரு மைக் மாதிரி. ஓய்வாக இருக்கும் ஆரோக்கியமான தசையில் ஸ்பீக்கர் அமைதியாக இருக்கும். நரம்பு அறுந்துபோன தசையில் தகரக் கூரையில் மழைத்துளி விழுவதுபோல டப் டப் என்று சீராகக் கேட்கும். இறுகிய தசை சட்டென்று தளராத மயோடோனியா என்ற நோயில் பைக்கின் ஆக்சிலேட்டரை முறுக்கி முறுக்கி விடுவதுபோல ஏறி இறங்கும். ஒருமுறை கேட்டால் மறக்காது.

பிறகு அப்பாவை மெதுவாகத் தசையை இறுக்கச் சொல்வார்கள். நரம்பில் கோளாறு என்றால் அலைகள் எண்ணிக்கையில் குறைந்து உருவத்தில் பெரிதாக இருக்கும். மிச்சமிருக்கும் நரம்புகள் விட்டுப்போனவற்றின் தசை இழைகளையும் சேர்த்து இழுப்பதால் அப்படி. தசையிலேயே கோளாறு என்றால் அலைகள் சின்னதாக, ஒரே சமயத்தில் கூட்டமாக வரும்.

மாத்திரையைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். பெரும்பாலும் நிறுத்தாமலேயே செய்யலாம். மெல்லிய ஊசி வைத்து, குத்திய இடத்தைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் போதும். பேஸ்மேக்கர் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கேள்வி: பத்து வருடமாகச் சர்க்கரை. பாதம் நெருப்பாக எரிகிறது. நரம்பு டெஸ்ட் நார்மல் என்கிறார்கள். அப்படியென்றால் இது மனப்பிரமையா?

இல்லவே இல்லை. இந்த டெஸ்ட் தடித்த நரம்பு இழைகளை மட்டுமே பார்க்கும். எரிச்சல், வலி, சூடு ஆகியவற்றைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகளின் சத்தம் இந்த மெஷினுக்கு எட்டாது. அவை மட்டும் கெட்டிருந்தால் ரிப்போர்ட் சுத்தமாக நார்மல் என்று வரும், உங்கள் கால் எரிந்துகொண்டே இருக்கும். கணுக்காலுக்குச் சற்று மேலே 3 மில்லிமீட்டர் தோல் எடுத்துப் பார்க்கும் பரிசோதனை உண்டு. ஆனால் உங்களைப் போன்றவருக்கு அது பெரும்பாலும் அவசியப்படாது. மெட்ஃபார்மின் சாப்பிடுகிறீர்கள் என்றால் பி12 அளவை உடனே பாருங்கள், அந்த மாத்திரை அதைக் குறைக்கும்.

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது. எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் அதிகமாக இருக்கிறது என்று எட்டு மாதமாகக் கல்லீரலுக்கு மருந்து கொடுக்கிறோம், கீழாநெல்லியும் கொடுத்துப் பார்த்தோம். குறையவே இல்லை. அடிக்கடி விழுகிறான், மாடிப்படி ஏறத் திணறுகிறான்.

இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தயவுசெய்து இந்த வாரமே தசை சிதைவதைக் காட்டும் சிபிகே என்ற இரத்தப் பரிசோதனையை எடுங்கள்.

எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற நொதிகள் இரண்டும் கல்லீரலில் மட்டும் இருப்பவை அல்ல, தசையிலும் இருக்கின்றன. தசை சிதையும்போது அவை இரத்தத்தில் கலக்கும். கண் மஞ்சளாகவில்லை, மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிரூபின் சரியாக இருக்கிறது, கல்லீரல் நொதியான ஜிஜிடியும் சரியாக இருக்கிறது என்றால் தசையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வீட்டிலேயே ஒன்றைப் பாருங்கள். மகனைத் தரையில் உட்காரவைத்து எழுந்திருக்கச் சொல்லுங்கள். குப்புறத் திரும்பி, கைகளைத் தரையில் ஊன்றி, பிறகு முழங்கால், தொடை என்று தன் உடம்பின் மேலேயே கையை வைத்து ஏறி எழுகிறானா? கெண்டைக்கால் வயதுக்கு மீறிப் பருத்திருக்கிறதா? அதை ஒரு வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

சிபிகே சாதாரணமாகச் சில நூறுக்குள் இருக்கும். ஓடியாடிக் களைத்தாலும், தசையில் ஊசி போட்டாலும் கொஞ்சம் ஏறும். டூஷென் தசைச் சிதைவு நோயில் அது பல ஆயிரங்களில் நிற்கும். அப்படி வந்தால் பிள்ளையை இஎம்ஜி ஊசியால் குத்த வேண்டியதில்லை. மரபணு பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தால் போதும். மரபணுவில் விட்டுப்போன, இரட்டித்த பகுதிகளைத் தேடும் எம்எல்பிஏ என்ற முதல் பரிசோதனையிலேயே ஏறக்குறைய 70 சதவீதம் பேருக்குத் தெரிந்துவிடும். மற்றவர்களுக்கு மரபணுவை முழுதாகப் படித்துப் பார்க்க வேண்டும். தசையை வெட்டி எடுத்துப் பார்ப்பது இப்போது பலருக்குத் தேவைப்படுவதில்லை. நோய் உறுதியானால் பிள்ளையின் அம்மாவுக்கும், மகள்கள் இருந்தால் அவர்களுக்கும் அந்த மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். அடுத்த குழந்தையைப் பற்றி யோசிக்கும் முன்பே அதைச் செய்துவிடுங்கள்.

குழந்தையை நேரில் பார்க்காமல் நோய்ப் பெயரை நான் சொல்ல முடியாது. வேறு காரணமாக இருந்தால் நிம்மதி. இதுவாகவே இருந்தாலும் ஸ்டீராய்டு, பிசியோதெரபி, இதயக் கண்காணிப்பு என்று செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. சரியான நேரத்தில் தொடங்கினால் பிள்ளை நடக்கும் காலம் நீளும்.

கேள்வி: தம்பி பைக்கிலிருந்து விழுந்து மூன்று நாளாகிறது. மணிக்கட்டைத் தூக்க முடியவில்லை. உடனே நரம்பு டெஸ்ட் எடுக்கலாமா?

சற்றுப் பொறுங்கள். அடிபட்ட இடத்துக்குக் கீழே நரம்பு முழுதாகச் செயலிழக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஊசி டெஸ்டில் மாற்றம் தெரிய 2 முதல் 3 வாரம் ஆகும். இன்று எடுத்தால் நன்றாக இருப்பதுபோல ஏமாற்றும். மூன்று வாரம் கழித்து எடுங்கள், அதுவரை மணிக்கட்டு தொங்காமல் பட்டை போட்டு வையுங்கள். ஆனால் கண்ணாடியோ கத்தியோ அரிவாளோ வெட்டிய காயம் என்றால் எந்த டெஸ்டுக்கும் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் ஓடுங்கள்.

இன்னொன்றுக்கும் காத்திருக்கக் கூடாது. அடிபடாமலே கால் பலவீனமாகி இரண்டு மூன்று நாளில் கைக்கு ஏறினால் உடம்பின் எதிர்ப்பு சக்தியே நரம்புகளைத் தாக்கும் கில்லன்-பாரே நோயாக இருக்கலாம். அதில் முதல் வாரம் டெஸ்ட் நார்மலாகவே வரலாம், மூச்சு மட்டும் முட்டத் தொடங்கும். உடனே ஆஸ்பத்திரியில் சேருங்கள்.

கேள்வி: அம்மாவுக்குக் காலையில் நன்றாக இருக்கும் இமை, மாலையில் இறங்கிவிடுகிறது.

நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச் சேராத மயஸ்தீனியா என்ற நோயாக இருக்கலாம். ஒரு நரம்பில் நொடிக்கு 3 முறை வீதம் ஷாக் கொடுத்து, தசையின் துடிப்பு 10 சதவீதத்துக்கு மேல் குறைகிறதா என்று பார்ப்போம். கண்ணோடு நின்ற நோயில் இது நார்மலாக வரலாம். அப்போது ஆன்டிபாடி இரத்தப் பரிசோதனையும் வேண்டும். இமையில் 2 நிமிடம் ஐஸ் வைத்ததும் கண் திறந்தால் அதுவும் நல்ல தடயம். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தால் அன்றிரவே எமர்ஜென்சிக்குப் போங்கள்.

கேள்வி: கையில் நரம்பு புடைத்துக்கொண்டு தெரிகிறது. இது நரம்புத் தளர்ச்சியா?

நீங்கள் பார்ப்பது இரத்தக் குழாய். நம் மொழியில் இரத்தக் குழாய், தசைநார், நரம்பு மூன்றுக்கும் நரம்பு என்றே பெயர், அதனால் வரும் குழப்பம் இது. நரம்புத் தளர்ச்சி என்று மருத்துவத்தில் ஒரு தனி நோய் கிடையாது, அதற்கென்று டெஸ்டும் கிடையாது. கை நடுங்கினால் தைராய்டு பார்ப்போம், பலவீனம் என்றால் வேறு வழியில் தேடுவோம்.

நரம்பு உண்மையிலேயே தடித்து, முழங்கை உள்பக்கமோ கழுத்திலோ கயிறுபோல விரலில் தட்டுப்படுவது தொழுநோயில் நடக்கும். தோலில் எங்காவது வெளிறிய படை இருந்து, அந்த இடத்தில் உணர்ச்சியும் இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் காட்டுங்கள். மருந்து இலவசமாகக் கிடைக்கும், முழுதாகக் குணமாகும்.