அன்றாட அலுவலக வேலைக்குப் பழைய லெனோவா திங்க்பேட் டி480 லேப்டாப் வாங்கலாமா? வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

தாராளமாக வாங்கலாம். எக்செல், டேலி, மெயில், பிரவுசரில் பத்துப் பதினைந்து டேப், அவ்வப்போது வீடியோ மீட்டிங், இதுதான் வேலை என்றால் செலரான் என்ற மலிவு ப்ராசஸர் கொண்ட புதிய லேப்டாப்பைவிட 2018-இல் வந்த டி480 எவ்வளவோ மேல். செலரான் என்4020-இல் இருப்பது இரண்டு கோர். டி480-இல் பரவலாகக் கிடைக்கும் ஐ5-8250யூ-வில் நான்கு கோர், எட்டு த்ரெட். ஆனால் கடையில் இருக்கும் பத்து டி480-உம் ஒரே தரத்தில் இருக்காது. ரேம், எஸ்எஸ்டி, பேட்டரி சுமாராக இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம். பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) பூட்டும் மதர்போர்டுக் கோளாறும் அப்படியல்ல. அவை இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

முதலில் பயாஸ். ஆன் செய்ததும் எஃப்1 பட்டனைத் தட்டி உள்ளே போங்கள். பாஸ்வேர்டு கேட்டாலோ, எதையும் மாற்ற விடாமல் எல்லாம் மங்கலாகத் தெரிந்தாலோ பழைய நிறுவனம் போட்ட சூப்பர்வைசர் பாஸ்வேர்டு இன்னும் எடுக்கப்படவில்லை. இதற்கு லெனோவா சொல்லும் ஒரே வழி மதர்போர்டை மாற்றுவது. "அது ஒன்றும் செய்யாது சார், விண்டோஸ் ஓடுதே" என்று கடைக்காரர் சொல்வார். ஓடும்தான். ஆனால் பூட் வரிசையை மாற்றவோ, பேட்டரியைக் கழற்றும் முன் செய்ய வேண்டிய செட்டிங்கைத் தொடவோ முடியாது. பயாஸில் செக்யூரிட்டி பகுதியில் 'அப்சல்யூட்' என்ற திருட்டுத் தடுப்பு வசதி ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொரு பூட்டு பயாஸில் தெரியாது. பெரிய நிறுவனங்கள் தங்கள் லேப்டாப்பை நிறுவன லேப்டாப்புகளை நெட் வழியாக நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் ஆட்டோபைலட்டில் பதிந்து வைத்திருக்கும். அதை நீக்காமல் விற்றிருந்தால், நீங்கள் எப்போது விண்டோஸைப் புதிதாகப் போட்டு நெட்டை இணைத்தாலும் அந்த நிறுவனத்தின் பெயரோடு லாகின் திரை வந்து நிற்கும். கடையிலேயே வைஃபையை இணைத்து விண்டோஸைப் புதிதாக நிறுவிக் காட்டச் சொல்லுங்கள். நேரமில்லை என்றால், பூட்டு வந்தால் திரும்ப எடுத்துக்கொள்வதாக சீரியல் நம்பரோடு பில்லில் எழுதி வாங்குங்கள்.

அடுத்து டைப்-சி போர்ட்டுகள். இந்த மாடலில் இதுதான் உயிர்நாடி, ஏனென்றால் தனி சார்ஜர் பின் இதில் கிடையாது, சார்ஜ் ஏறுவதே டைப்-சி வழியாகத்தான். 2017 முதல் 2019 வரை வந்த பல திங்க்பேடுகளில் டைப்-சி வழியாக ஓடும் தண்டர்போல்ட் இணைப்பின் ஃபர்ம்வேரில் (சிப்புக்குள் இருக்கும் மென்பொருளில்) ஒரு பிழை இருந்தது. அதனால் போர்ட் செயலிழக்கும், சார்ஜ் ஏறாது, எச்டிஎம்ஐ படம் வராது. லெனோவா பிறகு திருத்திய ஃபர்ம்வேரை வெளியிட்டது, ஆனால் யாராவது அதைப் போட்டிருக்க வேண்டுமே. ஆகவே இடப்பக்கம் உள்ள இரண்டு டைப்-சி போர்ட்டிலும் சார்ஜரை மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள், எச்டிஎம்ஐ-யில் ஒரு மானிட்டரை இணைத்துப் பாருங்கள். செருகிய ஒயரை லேசாக அசைத்தால் சார்ஜ் விட்டுவிட்டு ஏறுகிறது என்றால் வேண்டாம். வாங்கி வந்ததும் முதல் வேலையாக லெனோவா தளத்தில் இந்த மாடலுக்கான தண்டர்போல்ட் ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். அது ஓடும்போது சார்ஜர் செருகியிருக்க வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது.

திரையில் பலர் ஏமாறுகிறார்கள். டி480 மூன்று வகைப் பேனலோடு வந்தது. அதில் 1366×768 டிஎன் பேனல் நாள் முழுக்க எக்செல் பார்ப்பவர்களுக்கு ஆகாது. வரிசைகள் குறைவாகத் தெரியும், சற்றுச் சாய்த்தால் நிறம் வெளுக்கும். எந்தக் கோணத்திலும் நிறம் மாறாத 1920×1080 ஐபிஎஸ் பேனலையே கேளுங்கள். டிஸ்ப்ளே செட்டிங்கில் ரெசல்யூஷன் பார்த்தால் நொடியில் தெரிந்துவிடும். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, நடுவில் கீபோர்டு அழுந்திய தடமோ மஞ்சள் திட்டோ இருக்கிறதா என்று பாருங்கள்.

பேட்டரி இரண்டு உண்டு. உள்ளே 24 வாட்-அவர், பின்னால் கழற்றி மாட்டக்கூடிய ஒன்று 24, 48 அல்லது 72. கமாண்ட் பிராம்ப்டில் 'பவர்சிஎஃப்ஜி' கட்டளைக்குப் பின் இடைவெளி விட்டு, சாய்கோடும் 'பேட்டரிரிப்போர்ட்' என்பதும் சேர்த்து ஆங்கிலத்தில் (powercfg /batteryreport) தட்டினால் அறிக்கை வரும். டிசைன் கெப்பாசிட்டியோடு (புதிதில் இருந்த கொள்ளளவு) ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டியை (இப்போது ஏறும் அளவு) ஒப்பிடுங்கள். 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் புது பேட்டரியின் விலையைக் கழித்துப் பேசலாம். டச்பேடு மேலெழும்பியிருந்தாலோ அடிமூடி உப்பியிருந்தாலோ உள் பேட்டரி வீங்கியிருக்கிறது. அதைச் சார்ஜ் போட்டு ஓட்டவே கூடாது.

ரேமுக்கு இரண்டு ஸ்லாட். ஒரே 8 ஜிபி குச்சி இருந்தால் அதே அளவில் டிடிஆர்4-2400 இன்னொன்று போடுங்கள். இரண்டும் சேர்ந்து ஓடும்போது கிராபிக்ஸும் கொஞ்சம் வேகமாகும். டி480எஸ் என்ற மெலிந்த மாடலில் ரேமின் ஒரு பகுதி போர்டிலேயே பற்றவைத்தது, குழப்பிக்கொள்ள வேண்டாம். எஸ்எஸ்டி-யின் ஆரோக்கியத்தைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் சொல்லும்.

விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அதனால்தான் அதற்கு முந்தைய தலைமுறைச் சிப்போடு வந்த டி470 இன்னும் மலிவாகக் கிடைத்தாலும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். விண்டோஸ் உண்மையில் ஆக்டிவேட் ஆனதா என்று பார்க்க கமாண்ட் பிராம்ப்டில் 'எஸ்எல்எம்ஜிஆர்' கட்டளையோடு இடைவெளி, சாய்கோடு, 'எக்ஸ்பிஆர்' (slmgr /xpr) தட்டுங்கள். சில மாதங்களில் காலாவதி என்று தேதி காட்டினால் அது உங்களுக்குரிய நிரந்தர உரிமம் இல்லை.

யாருக்கு டி480 சரிப்படாது? வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்கும் தினமும் முதுகில் சுமந்து அலைபவர்களுக்கும். எடை ஒன்றரைக் கிலோவுக்கு மேல், பெரிய பேட்டரி போட்டால் இன்னும் கூடும். கேமராவும் 720பி-தான். நாள் முழுக்க மீட்டிங்கில் இருப்பவர் தனி வெப்கேம் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ரேம் மாற்றத் திறக்கும் முன் பயாஸில் கான்ஃபிக், பவர் பகுதிக்குப் போய் 'டிசேபிள் பில்ட்-இன் பேட்டரி' கொடுத்து, சார்ஜரையும் பின் பேட்டரியையும் கழற்றிவிட்டுத்தான் ஸ்க்ரூவில் கை வைக்க வேண்டும். மூடி பிளாஸ்டிக் கொக்கிகளிலும் மாட்டியிருக்கும், ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாமல் பழைய ஏடிஎம் கார்டை விட்டு மெல்ல நகர்த்துங்கள்.