தோடர் டான்ஸ்: சால்வை சரி, கறுப்பு மை வேண்டாம்

ஸ்கூல் நிகழ்ச்சியில நீலகிரி பழங்குடியினரான தோடர்களோட டான்ஸ், அதுக்கு சால்வை, கறுப்பு மை, இறகுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க, பொண்ணு ஆடலாமான்னு கேட்டிருக்கீங்க. சால்வை போர்த்தி ஆடறதுல தப்பில்லை. முகத்துல கறுப்பு மை, தலையில இறகு, இந்த ரெண்டும் வேண்டாம்னு டீச்சர்கிட்ட சொல்லிடுங்க. "அப்போ நான் ஆடவே கூடாதா"ன்னு மூணாங்கிளாஸ் பொண்ணு அழறான்னு எழுதியிருக்கீங்க. தாராளமா ஆடட்டும்.

டீச்சர் வேணும்னு செஞ்சிருக்க மாட்டாங்க. வாடகை டிரெஸ் கடையில "ஆதிவாசி செட்"னு கேட்டா இலைப் பாவாடை, இறகு, ஈட்டியைத்தான் எடுத்துப் போடுவாங்க. எல்லாம் சினிமா 'ஜிங்கலாலா' சமாச்சாரம். தோடர்கள் எருமை வளர்க்கிறவங்க. அவங்க போர்த்துற பூத்துக்குளி வெள்ளைத் துணி, அதுல சிவப்பு, கறுப்பு நூல்ல பெண்கள் கையால போடுற வேலைப்பாடு. 2013ல புவிசார் குறியீடு வாங்கினது. இறந்தவங்க உடம்புக்கும் பூத்துக்குளிதான் சுத்துவாங்க. வெறும் ஃபேன்ஸி டிரெஸ் இல்லைங்கிறதை இந்த வயசுக்கே சொல்லலாம், புரியும்.

பொண்ணுகிட்ட ஒண்ணு கேட்டுப் பாருங்க: "உன் கிளாஸ்ல இருக்கிற தோடர் பையனோட பாட்டி முன்வரிசையில உட்கார்ந்திருந்தா, இந்த மேக்கப்போட ஆடுவியா?" யோசிச்சான்னா பாதி வேலை முடிஞ்சது. முடிஞ்சா ஊட்டி பக்கம் முத்தோரை பாலாடாவுல இருக்கிற பழங்குடியினர் ஆய்வு மையத்து அருங்காட்சியகத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. நேரம் விசாரிச்சுட்டுக் கிளம்புங்க.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பையனை மேடையேத்தி "உங்க வழக்கத்தைச் சொல்லு"ன்னு யாரும் நிக்க வைக்காம பார்த்துக்கோங்க, பாவம். கேட்கணும்னா அவன் அப்பா அம்மாகிட்ட, நிகழ்ச்சிக்கு முன்னாடியே, தனியா. வேண்டாம்னு சொன்னா வேற பாட்டுக்கு மாத்திடுங்க. அவங்க சரின்னாலும் அது தோடர் டான்ஸுக்கு மட்டும்தான். கோத்தர், குறும்பர், இருளர்னு மத்த பழங்குடியினர் வேஷத்துக்கெல்லாம் அவங்க எப்படி அனுமதி தருவாங்க?